சிங்கப்பூரின் நிலத் திட்டத்தில் பசுமையும் நீரும் எப்படிச் சேர்ந்தன? ஒரு மனையில் அதை எப்படிச் செய்கிறார்கள்?

பூங்கா, அழகு என்று மட்டும் பார்த்தால் இது பாதிதான் புரியும். சிங்கப்பூருக்கு இது குடிநீர் விவகாரம். ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை பெய்தாலும் அதைத் தேக்கி வைக்க அங்கே இடம் குறைவு. 2008இல் மரினா அணைக்கட்டும் 2011இல் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்களும் வந்தபின் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதியாகிவிட்டது. சாலையிலும் கூரையிலும் விழும் மழையின் பெரும்பகுதி கடைசியில் குடிநீர்த் தேக்கத்துக்குத்தான் போகிறது. அதை வழியிலேயே மண்ணும் செடியும் வடிகட்டினால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. நாட்டின் நீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் நீர்நிலைகளைத் தூய்மையாக்கி மக்களுக்குத் திறந்துவிடும் திட்டத்தைத் தொடங்கியதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

எல்லோரும் காட்டும் உதாரணம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 2.7 கி.மீ. நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை 3.2 கி.மீ. வளைந்தோட விட்டார்கள். வேலை 2012இல் முடிந்தது. பெருமழையில் ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்கு விரியும். மற்ற நாட்களில் மக்கள் நடக்கும் புல்வெளியே அப்போது வெள்ளப்படுகை.

ஆனால் என் கணிப்பில், பூங்காவைவிட முக்கியமானது மனை விதி. 2010இல் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்தபின், வடிகாலை அகலப்படுத்திக்கொண்டே போனால் போதாது, நீர் புறப்படும் இடத்திலேயே அதைத் தாமதப்படுத்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2014 ஜனவரியிலிருந்து 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்களும் மறுகட்டுமானங்களும், 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு, 0.55 வழிந்தோடல் குணகத்துக்கு (பெய்யும் மழையில் மண்ணில் இறங்காமல் வழிந்தோடும் பங்கு) மேல் நீரை வெளியே விடக்கூடாது.

0.5 ஹெக்டேர் மனை, பெரும்பாலும் கான்கிரீட், குணகம் 0.9 என்று வையுங்கள். மணிக்கு 175 மி.மீ. வேகத்தில் 15 நிமிட மழை என்றால், உச்ச ஓட்டம் = குணகம் × மழை வேகம் (மி.மீ./மணி) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. அப்படியே விட்டால் நொடிக்கு 0.219 கன மீட்டர், அனுமதி 0.134 மட்டும். வித்தியாசம் 0.085. அதை 900 நொடியால் பெருக்கினால் சுமார் 77 கன மீட்டரை மனைக்குள்ளேயே நிறுத்த வேண்டும். இது முதல் மதிப்பீடு. அனுமதிக்கு மழையின் ஏற்ற இறக்கத்தை வைத்து முழுக் கணக்கு போட வேண்டும்.

நிறுத்துவதற்கு நிலத்தடித் தொட்டி கட்டலாம். அது ஓட்டத்தைத் தாமதப்படுத்தும், நீரைச் சுத்தம் செய்யாது. மழைத்தோட்டம், அதாவது மழைநீரை வாங்கி மண்வழியே வடியவிடும் தாழ்வான செடிப்படுகை, இரண்டையும் செய்யும். அடியில் துளைக் குழாயுடன் சரளைக்கல் 150 மி.மீ., மேலே பெருமணல் 100 மி.மீ., அதற்கு மேல் மணற்பாங்கான வடிகட்டு மண் குறைந்தது 400 மி.மீ. மேலே 200 மி.மீ. வரை நீர் தேங்கலாம்; அதற்கு மேல் மிஞ்சும் நீர் வெளியேற உயர்த்திய வழிவாய் ஒன்று கட்டாயம்.

மழைத்தோட்டம் கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கட்டட வேலை முடியும் முன்பே தோட்டத்தைத் திறந்துவிட்டால் சேறு புகுந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும்; பிறகு மேல் மண்ணைச் சுரண்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை. மண்ணுக்கும் மணலுக்கும் நடுவே துணி விரிப்பதும் அதே அடைப்பைத்தான் தரும். உரம் நிறைந்த தோட்டமண்ணைப் போட்டால் சத்தெல்லாம் கரைந்து தேக்கத்தில் பாசியாக வளரும். சாலை விளிம்பைவிடத் தோட்டம் 50 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சருகும் புல்லும் வாயை அடைத்து நீர் உள்ளே வராமல் சாலையிலேயே ஓடும்.

கொசு பற்றி எப்போதும் கேட்பார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். தோட்டத்து நீர் 24 மணி நேரத்தில் வடிந்துவிட்டால் அச்சமில்லை. அதைத் தாண்டி நின்றால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். ஒப்படைக்கும்போதே நீர் இறங்கும் வேகத்தை அளந்து எழுதி வைத்து, ஆண்டுதோறும் அதனுடன் ஒப்பிடுங்கள். மணிக்கு 50 மி.மீ.க்குக் கீழே போனால் மேல் மண்ணைக் கிளறவோ மாற்றவோ வேண்டும்.