குழுமம் பெரியதுதான், பில் யார் பெயரில்?

கேள்வி: கோவையில் நூற்பாலை உதிரிபாகங்கள் செய்கிறோம். தான்சானியாவின் பெரிய குழுமம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. 90 நாள் கடன் கேட்கிறார்கள். எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) பற்றிப் பேசினால், "எங்கள் குழுமத்தை விசாரித்துப் பாருங்கள்" என்கிறார்கள். நம்பி அனுப்பலாமா?

பதில்: குழுமத்தை நம்பி அனுப்பாதீர்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பணம் தரும் கடமை அதற்கு மட்டும்தான். குழுமத்தின் மீது வழக்குப் போட முடியாது.

அங்கே இந்தக் குழப்பம் எளிதில் வரும். தான்சானியாவின் பகிரேசா குழுமத்தில் மாவு, ஐஸ்கிரீம், சான்சிபார் போகும் ஃபெர்ரி, தொலைக்காட்சி, கால்பந்து அணி எல்லாவற்றுக்கும் 'அசாம்' (Azam) என்றே பெயர். உள்ளே மாவு அரைப்பது ஒரு கம்பெனி, ஃபெர்ரி ஓட்டுவது வேறொன்று.

அங்குள்ள இன்னொரு பெரிய குழுமமான மெட்டெல் வளர்ந்த கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. சோஷலிசப் பாதையை அறிவித்த 1967 அருஷா பிரகடனத்தைத் தொடர்ந்து பெரிய ஆலைகள் பலவும் சைசல் (கயிறு திரிக்கும் நார்ப்பயிர்) தோட்டங்களும் அதிபர் நியெரேரேயின் அரசின் கைக்குப் போயின. அரசே புதிய ஆலைகளையும் கட்டியது. 1990களிலிருந்து அவற்றை விற்றபோது, வியாபாரத்தில் பணம் சேர்த்திருந்த குடும்பங்கள் வாங்கின. மொரோகோரோவில் அரசு நடத்திய துணி ஆலை மெட்டெல் வசம் வந்தது இப்படித்தான். இப்படி வாங்கிய ஆலை பெரும்பாலும் தனிக் கம்பெனியாகவே இருக்கும். அதன் வங்கிக் கடனும் அதன் தலையில்தான். பழைய ஆலையாக இருந்தால் உதிரிபாகம் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் அவர்களுக்கு. ஆகவே நிபந்தனை பேச நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

பகிரேசா, மெட்டெல் இரண்டும் குடும்பச் சொத்துகள். தாய்க் கம்பெனி டார் எஸ் சலாம் பங்குச்சந்தையில் இல்லை. உங்களுக்கு ஆர்டர் தந்த குழுமமும் அப்படியென்றால் வரவு செலவு கணக்கு வெளியே கிடைக்காது. கம்பெனிப் பதிவு அலுவலகமான 'பிரேலா'வில் இயக்குநர்கள், பங்குதாரர்கள், சொத்தின் மீதான அடமானங்கள் ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் செய்து தருவார். ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் கடன் வரம்பு கேட்கும்போதும் அந்தக் கம்பெனியின் முழுப் பெயரையே கொடுங்கள்.

பணம் இருந்தும் டாலர் கிடைக்காமல் போகலாம். 2023இல் அங்கே டாலர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஆகவே முதல் ஆர்டருக்கு, இந்திய வங்கி உறுதி செய்த, அதாவது அந்த வங்கியும் பணத்துக்குப் பொறுப்பேற்கும், எல்.சி.யே நல்லது. அதிலேயே 90 நாள் தவணையும் கொடுக்கலாம். அவர்கள் கேட்ட கடனும் கிடைத்துவிடும். உறுதி செய்யும் கட்டணத்தை விலையில் சேர்த்துவிடுங்கள்.

எல்.சி.யே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரு பங்கு முன்பணமும், மீதிக்குத் தாய்க் கம்பெனியின் கியாரண்டியும் கேளுங்கள். கியாரண்டியோடு இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலும் வேண்டும். அதற்குப் பதில் 'கம்ஃபர்ட் லெட்டர்' அனுப்புவார்கள். அதில் "ஆதரவு தருவோம்" என்று இருக்கும், "நாங்கள் செலுத்துவோம்" என்று இருக்காது. அதை வைத்துச் சரக்கை ஏற்றாதீர்கள்.