கோவைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு பெங்களூரிலேயே இறங்கிக்கொள்ளலாமா?

டெல்லியிலிருந்து பெங்களூருக்கு நேர் டிக்கெட் 9,200 ரூபாய் காட்டுகிறது, அதே நாளில் பெங்களூரில் விமானம் மாறி கோவை போகும் டிக்கெட் 6,700 தான், வீடு கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம், கோவை டிக்கெட்டை எடுத்துவிட்டு பெங்களூரிலேயே இறங்கினால் கேஸ் போடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையில் ஒரு பை மட்டும், அதுவும் ஒருவழி டிக்கெட் என்றால் இறங்கலாம். லக்கேஜ் போடுவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். கிருஷ்ணகிரியில் ரொம்ப வருஷமாக டிக்கெட் புக்கிங் கடை வைத்திருக்கிறேன். இதை எங்கள் வீட்டிலேயே ஒருத்தன் செய்து பார்த்துவிட்டான்.

முதலில் விலை. பஸ் கணக்கில் யோசிப்பதால்தான் நமக்கு இது விநோதமாகத் தெரிகிறது. சேலத்துக்கு டிக்கெட் எடுத்துத் தொப்பூரில் இறங்கினால் கண்டக்டர் ஒன்றும் கேட்கமாட்டார். பணம் அவருக்கு லாபம்தான். பஸ்ஸில் தூரம் கூடினால் கட்டணம் கூடும். விமானத்தில் கிலோமீட்டருக்கு விலை கிடையாது. டெல்லி–பெங்களூர் நேராகப் போக ஆள் நிறைய, அவசரத்தில் போகிறவர்கள் கேட்ட பணத்தைக் கொடுப்பார்கள். டெல்லி–கோவைக்கு வேறு நிறுவனங்களோடு போட்டி, அதில் நடுவில் இறங்கி மாறும் சிரமம் வேறு. அதனால் அங்கே விலையைக் குறைத்துத்தான் விற்க முடியும். நீங்கள் எடுக்கப் பார்ப்பது அந்தக் குறைத்த விலையைத்தான்.

எங்கள் அண்ணன் மகன் போன மாங்காய் சீசனில் டெல்லிக்குப் போனான். பெங்களூர்–டெல்லி–சண்டிகர், போக வர ஒரே டிக்கெட், அவனே போனில் போட்டது. டெல்லியில் இறங்கிவிடுவது, திரும்பும்போதும் டெல்லியிலேயே ஏறிக்கொள்வது என்று திட்டம். தோளில் ஒரு பையோடு கிளம்பினவனிடம் அண்ணி ஒரு பெட்டி செந்தூராவைக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு கிலோ, வைக்கோல் போட்டு, சணல் கயிற்றால் கட்டினது. தேவனஹள்ளியில், அதாவது பெங்களூர் விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பெண் "சண்டிகர்தானே?" என்று கேட்டிருக்கிறாள், இவனும் தலையாட்டியிருக்கிறான். பெட்டிக்கு சண்டிகர் சீட்டு ஒட்டியாயிற்று.

டெல்லியில் இறங்கி பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். வரவில்லை. மாறிப் போகிற பயணியின் பெட்டி பெல்ட்டுக்கே வராது, உள்ளேயே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்திருக்கிறது. "சார், போர்டிங் முடியப் போகுது, எங்க இருக்கீங்க?" நான் வரவில்லை என்று சொல்லியிருக்கிறான். அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னமும் மனசு ஆறாத விஷயம். ஏற்றிய பெட்டிகளுக்குள் அந்த ஒரு மாம்பழப் பெட்டியைத் தேடி வெளியே எடுத்திருக்கிறார்கள். விமானம் 35 நிமிடம் தாமதம். சாவுக்குப் போகிறவர்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். 35 நிமிடம் என்பது சிலருக்கு முகம் பார்ப்பதா இல்லையா என்கிற கணக்கு.

ஏன் இத்தனை கெடுபிடி என்று அவனுக்குத் தெரியவில்லை. 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் இறந்தார்கள். கனடாவின் வான்கூவரில் ஒரு ஆள் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் இருந்துவிட்டான். வெடிகுண்டு அந்தப் பெட்டியில் இருந்தது. ஆள் ஏறாத பெட்டி பறக்கக் கூடாது என்ற விதி இறுகியது அதற்குப் பிறகுதான். அதனால்தான் நீங்கள் சத்தமில்லாமல் நழுவினாலும் பெட்டி நழுவ விடாது.

பெட்டியை மறுநாள் அடையாள அட்டை காட்டி வாங்கினான். ஒரு பக்கம் பழம் எல்லாம் நசுங்கி, அட்டை ஊறிப் போயிருந்ததாம். அதோடு முடியவில்லை. திரும்பி வருவதற்கு முந்தைய நாள் ராத்திரி போன்: "சித்தப்பா, வெப் செக்-இன் பண்ணா டிக்கெட்டே இல்லைங்குது." ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில், வரிசையாக உள்ள பயணங்களில் ஒன்றில் ஏறாவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பது அத்தனையும் ரத்தாகிவிடும். சண்டிகரை விட்டபோதே திரும்பும் டிக்கெட்டும் போய்விட்டது. மறுநாளைக்குப் புது டிக்கெட் 11,400 ரூபாய். போகும்போது மிச்சம் பிடித்தது 1,900. ஆகவே விடுவதாக இருந்தால் கடைசித் துண்டை மட்டும்தான் விடலாம்.

கேஸ் பற்றி. இது குற்றம் இல்லை, டிக்கெட் வாங்கும்போது நாம் ஒத்துக்கொள்ளும் நிபந்தனையை மீறுவது. ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் ஒரு பயணி மேல் வழக்குப் போட்டது. ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்த் திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நின்றுவிட்டார் என்று 2,112 யூரோ கேட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒரு தடவை இறங்கும் ஆளைத் தேடி வரமாட்டார்கள். ஆனால் அடிக்கடி செய்தால் பறந்து சேர்த்த பாயிண்ட்டுகளைப் பறிக்கலாம். என்னைப் போல் ஏஜென்ட் மூலம் போட்டிருந்தால் கட்டண வித்தியாசத்தை எங்கள் பேரில் டெபிட் மெமோ என்று பாக்கிச் சீட்டு எழுதி விமான நிறுவனம் எங்களிடம் வாங்கிவிடும். அதனால் என் கடையில் இப்படிப் போட்டுத் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். நீங்களும் ஏஜென்ட்டிடம் சொல்லாமல் போட வைக்காதீர்கள், நஷ்டம் அந்த மனிதருக்கு.

இன்னொன்று. கோவை வரை கொண்டுபோவதுதான் அவர்கள் ஒப்புக்கொண்டது. பெங்களூர் வழியாகத்தான் என்று இல்லை. முதல் விமானம் ரத்தானால் சென்னை வழியாக ஏற்றிவிடலாம், ஐதராபாத் வழியாகவும் ஏற்றலாம். நீங்கள் கோவையில் நிற்பீர்கள், அங்கிருந்து பர்கூருக்கு ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும். 7 கிலோ கைப்பை என்றாலும் மேலே இடமில்லை என்று வாசலில் வாங்கி விமானத்தின் அடியில் லக்கேஜோடு போட்டுவிட்டால் அதற்கும் கோவைச் சீட்டுதான். சீக்கிரமாக ஏறிவிடுங்கள்.

ஓசூரில் விமான நிலையம் இருந்தால் நமக்கு இந்த யோசனையே வந்திருக்காது. பெங்களூர் விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் மைசூர், ஹாசன் தவிர 2033 வரை புதிதாக எதுவும் கூடாது என்ற ஒப்பந்தம் குறுக்கே கிடக்கிறது.

உங்கள் 2,500 ரூபாய் சின்னத் தொகை இல்லை, எனக்குப் புரிகிறது. டிக்கெட் போடும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: பெங்களூரில் விமானம் மாறுகிறதா, அதே விமானம் நின்று கோவைக்குக் கிளம்புகிறதா என்று. மாறுகிறது என்றால் மற்றவர்களோடு நடந்து வெளியே வந்துவிடலாம். நின்று போகிற விமானம் என்றால் கோவை ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பணிப்பெண்கள் தலையை எண்ணுவார்கள், மேலே இருக்கும் ஒவ்வொரு பையையும் யாருடையது என்று கேட்பார்கள். அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள்.