மிளகாய் யாகமும் வழக்காடும் அண்ணன் தம்பியும்

கேள்வி: எங்கள் ஊரில் அமாவாசைதோறும் பிரத்தியங்கிரா தேவிக்கு யாகம் நடக்கிறது. மூட்டை மூட்டையாக வற்றல் மிளகாய் போட்டும் நெடியே வருவதில்லை. தேவியின் சக்திதானே இது?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தேவியை அப்புறம் பார்ப்போம். முதலில் மிளகாய்.

உங்கள் பாட்டி பிள்ளைக்கு உப்பும் வற்றல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார். நெடி வராவிட்டால் என்ன சொல்வார்? "நல்லா கண்ணு பட்டிருக்கு." அந்தக் கணக்குப்படி உங்கள் ஊர் மொத்தத்துக்கும் கண் பட்டிருக்கிறது! தணலில் புகையும் மிளகாய்தான் இருமவைக்கும். நெய் வார்த்துக் கொழுந்துவிட்டு எரியும் குண்டத்தில் காரமும் சேர்ந்து எரிந்துபோகும்.

"எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது" என்று விடாமல் கடிதம் போடும் தக்கலை நண்பருக்கு இப்போது கோபம் வரும். வரட்டும். மிளகாய் வேதத்தில் இல்லை ஐயா. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்த்துகீசியர் இங்கே கொண்டுவந்தது. இந்த யாகத்துக்கு மூலம் இந்திரஜித்தின் நிகும்பலை யாகம் என்கிறார்கள். அவனுக்கு மிளகாய் கிடைத்திருக்க வழியே இல்லை. அவன் யாகமும் முடியவில்லை. துப்புக் கொடுத்தது யார்? சொந்தச் சித்தப்பா விபீஷணன்.

சரி, தேவி. சிங்கமுகம், கையில் சூலம், பாசம், உடுக்கை, கபாலம். சிவனின் சிறகுள்ள வடிவமான சரபேஸ்வரரின் ஓர் இறக்கை இவள், இன்னொன்று சூலினி என்ற தேவி. ஏவிவிட்டவன்மேலேயே ஏவலைத் திருப்புவாள் என்பது நம்பிக்கை. கும்பகோணம் பக்கம் ஐயாவாடியில் அமாவாசைக்குக் கூடும் கூட்டம் அதை நம்பித்தான் வருகிறது. பயந்தவனுக்கு ஒரு துணை வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரப்பர் தோட்டத்து எல்லைக்காக வழக்காடும் அண்ணனும் தம்பியும் ஒரே குண்டத்தில் ஆளுக்கொரு கிலோ மிளகாய் போட்டால், தேவி யார் பக்கம் திருப்புவாள்? வக்கீல் பக்கமா? காவலுக்கு நிற்பவளைக் கூலிப்படை ஆக்கப் பார்க்கிறோம்.

அந்த ரப்பரும் பிரேசில்காரன்தான். மரச்சீனியும், அதாவது மரவள்ளிக்கிழங்கும், அங்கிருந்து வந்ததே. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊக்குவித்துப் பரப்பினார். நம் ஏழைகளின் வயிறு நிறைந்தது. அதையும் குண்டத்தில் போட யாரும் கிளம்பிவிடாதீர்கள். சாளைக் குழம்புக்கு வேறு ஜோடி கிடையாது.