இந்துப்புக்கு மாறினால் கணக்கு மாறுமா?

கேள்வி: கணவருக்கு ரத்த அழுத்தம். ஆறு மாதமாகச் சாதா உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புதான் போடுகிறேன். இயற்கையானது, கெடுதல் இல்லை என்கிறார்கள். ஆனாலும் அழுத்தம் இறங்கவே இல்லை. மாத்திரைதான் சரியில்லையோ?

பதில்: மாத்திரை மேல் ஏன் பழி? மாறியது உப்பின் நிறம் மட்டும்தான். இந்துப்பிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் அதே சோடியம் குளோரைடு. அதிலுள்ள மற்ற தாதுக்கள் உருப்படியாக உடம்பில் சேர வேண்டுமென்றால் உள்ளங்கை உள்ளங்கையாக அள்ளித் தின்ன வேண்டும். லாபம் இல்லை, பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை என்பதால் நட்டம் வேண்டுமானால் உண்டு. 'இயற்கை' என்று கேட்டதும் கை தாராளமாகிவிடுகிறதே, அது தனி நட்டம்.

எது என்பதை விடுங்கள், எவ்வளவு என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராமுக்குள். கரண்டியை நம்ப வேண்டாம். தூள் உப்பு தலைதட்டி ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம் நிற்கும்; பரல் உப்பில் இடைவெளி அதிகம், எடை குறையும். பாக்கெட்டை வைத்துக் கணக்குப் போடுவதே சுலபம். பிரிக்கும் அன்றே அதன்மேல் தேதியை எழுதுங்கள். பெரியவர்கள் நான்கு பேர், மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு என்றால் ஒரு கிலோ குறைந்தது 50 நாள் வர வேண்டும். முப்பதாம் நாளே காலியானால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டிவிட்டீர்கள். 50 நாள் வந்துவிட்டாலும் நிம்மதி வேண்டாம். பிரெட், பிஸ்கட், சாஸ், சூப் பவுடர், சீஸ், சிப்ஸ் வழியாக உள்ளே போவது இந்தக் கணக்கில் இல்லை.

அதற்கு லேபிளைப் படிக்க வேண்டும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 600 மி.கி. சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு. அதைத் தாண்டினால் உப்பு மிகுந்த பண்டம். 120-க்குள் இருந்தால் குறைவு. 'ஒரு பரிமாறலுக்கு' என்று போட்டிருக்கும் எண்ணைத் தொடாதீர்கள். 20 கிராம் தின்றுவிட்டுப் பாக்கெட்டை மூடி வைப்பவர் யார்? நாக்குக்குத் தெரியாத சோடியமும் உண்டு. சமையல் சோடா ஒரு தேக்கரண்டியில் 1,200 மி.கி.க்கு மேல். தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் கணிசமாக இருக்கிறது.

ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் சாப்பிடுகிறவர் தட்டில் தூவிக்கொள்வார், பழைய அளவே திரும்பிவிடும். முதலில் கால்வாசி, மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும், பிறகு இன்னொரு கால்வாசி. மேசையில் உப்பு டப்பா இருக்கக் கூடாது. கொதிக்கும்போது கொஞ்சமாகப் போட்டு, இறக்கிய பிறகு மேலாக ஒரு சிட்டிகை தூவினால் அதுதான் நாக்கில் முதலில் படும். குறைந்த அளவே போதும். எலுமிச்சையும் மிளகும் மிச்சக் குறையைத் தீர்க்கும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று யாராவது ஆரம்பித்தால், பழமொழி உப்பு இல்லாததைத்தான் சொல்கிறது, குறைந்ததை அல்ல என்று சொல்லிவிடுங்கள்.

நிஜமாகவே வேறு உப்பு வேண்டுமென்றால், சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு இருக்கிறது. ரத்த அழுத்தம் குறைய அது உதவும். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவருக்கும் அதே உப்பு இதயத் துடிப்பைக் குலைத்துவிடலாம். கணவரின் மாத்திரை எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். மாத்திரை சரியில்லை என்று நீங்களாக நிறுத்தியும்விடாதீர்கள்.