போர்ஷனே முடியல, இதுல லேப் எதுக்கு? – கேள்வி பதில்

வடசென்னைப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகளுக்குப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் ஒருவரின் பதில்கள்.

தண்டையார்பேட்டை, பத்தாம் வகுப்பு கணித ஆசிரியை: சார், ரிவிஷன் ஆரம்பிச்சுட்டா கம்ப்யூட்டர் லேப் பக்கமே போக முடியாது. பப்ளிக்ல இதுக்கு ஒரு மார்க்கும் இல்ல. எதைச் சொல்லி எச்.எம். கிட்ட பீரியட் கேக்குறது?

தனி பீரியட் கேட்காதீர்கள் டீச்சர். கிடைத்தாலும் அரையாண்டோடு பறிபோகும். உங்கள் பாடத்திலேயே புள்ளியியல் இருக்கிறது, அதற்குள் நுழையுங்கள்.

10 கேள்வி ஸ்லிப் டெஸ்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேரை 10 பேர் கொண்ட நான்கு குழுவாகப் பிரியுங்கள். 20 மெஷின் இருந்தால் ஒன்றுக்கு இரண்டு பேர், அதாவது ஒரு குழுவுக்கு 5 மெஷின். குழுவின் மதிப்பெண் முழுவதையும் ஒவ்வொரு ஜோடியும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் (எக்ஸெல் மாதிரிக் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். மொத்தம் 100 எண்தான். ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்ட, பாதியில் இடம் மாறட்டும். இடது ஓரத்தில் ரோல் நம்பர் மட்டும், பெயர் வேண்டாம். குறைந்த மார்க் எடுத்த பிள்ளையின் பெயர் 20 திரையில் மின்ன வேண்டியதில்லை.

கீழ் வரிசையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஏவரேஜ். அதற்குக் கீழே ‘கவுண்ட் இஃப்’ போட்டு, எத்தனை பேர் பூஜ்யம் என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரே குழுவின் ஐந்து மெஷினிலும் ஒரே விடை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தட்டெழுத்துப் பிழை, அதை அவர்களே தேடட்டும். என்னைக் கேட்டால் பாடமே அந்தத் தேடல்தான். பெரும்பாலும் மாட்டுவது இரண்டு: வராத பிள்ளைக்கு 0 போட்டிருப்பார்கள், சராசரி இறங்கும் (கட்டத்தைக் காலியாக விட வேண்டும்), அல்லது பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்து விழுந்திருக்கும். ‘ஓ’ விழுந்த கட்டத்தில் எழுத்து இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், கால்க் அதைக் கணக்கிலேயே சேர்க்காது.

திட்டவிலக்கம் வரும்போது ஒரு எச்சரிக்கை. புத்தகம் ‘என்’னால், அதாவது மொத்த எண்ணிக்கையால், வகுக்கிறது. கால்க்கில் ‘எஸ்டி டெவ்’ போட்டால் அது ‘என்’னில் ஒன்று குறைத்து வகுக்கும், விடை புத்தகத்தோடு ஒட்டாது. கடைசியில் ‘பி’ சேர்ந்த ஃபார்முலாவைப் போடுங்கள். எந்தக் கேள்வியில் வகுப்பே சறுக்கியது என்ற அந்த ஒரு தாளை பிரின்ட் எடுத்து எச்.எம். மேஜையில் வையுங்கள், அடுத்த டெஸ்ட்டுக்கு லேப் சாவி தானாக வரும்.

காசிமேடு, லேப் பொறுப்பாசிரியர்: லீவு முடிஞ்சு ஜூன்ல தொறந்தா சில மெஷின் ஆன் ஆகல. ஆன் ஆனதுலயும் எந்த வெப்சைட்டும் தொறக்காம, பாதுகாப்பில்லைன்னு வருது. நெட் கோளாறா?

முதலில் திரை மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருந்தால் நெட்டில் குறையில்லை, மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. இணையதளத்தின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் கதவைத் திறக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள், பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்ஸ்) தேதியைச் சரிசெய்யுங்கள்.

ஆன் ஆகாததற்கு உங்கள் ஊர் உப்புக்காற்றை முதலில் சந்தேகப்படுவேன். ரேம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி, பொன்னிற முனையை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். வாரன்டி இருந்தால் மட்டும் கை வைக்காமல் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். லீவிலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எல்லா மெஷினும் ஓடட்டும்.

எண்ணூர், தமிழாசிரியர்: நான் அடிச்ச வினாத்தாள் பிள்ளைங்க போன்ல ஏதோ கிறுக்கலாத் தெரியுது.

ஐயா, நீங்கள் பழைய ஃபாண்டில் அடித்திருப்பீர்கள். அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கிலக் குறிகள். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றுங்கள், மாற்றியபின் ஒருமுறை வாசியுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி உட்காரும்.

பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடிக்கப் பழக்குவதைவிட தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை முறை நல்லது. மெய் இரட்டித்தால் புள்ளி தானே விழும். ‘வண்ணாரப்பேட்டை’ அடிக்க வ, ண, ண, ஆ, ர, ப, ப, ஏ, ட, ட, ஐ என்று 11 தட்டு போதும். ஆங்கில வழியில் 15 ஆகும், ஷிஃப்ட் தனி. ஒற்று மிகுமிடம் சொல்லிக்கொடுக்க இதைவிட வாகான கருவி கிடையாது: ஒற்றை விட்டால் விரலே தடுமாறும். வாரம் ஒரு இயலுக்குப் பத்து ஒன் வேர்டு அவர்களே அடிக்கட்டும்.

திருவொற்றியூர், பிளஸ் டூ மாணவியின் அம்மா: பொண்ணு இன்ஜினியரிங் போணும்ங்குறா. பிரவுசிங் சென்டர்ல குடுத்தா எல்லாம் அவங்களே போட்டுத் தருவாங்களாமே?

வேண்டாம்மா. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எது முன்னால் என்ற வரிசை உங்கள் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். சென்டர்காரர் தன் போன் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும், கடைசி நாளில் நீங்கள் அவர் கடை வாசலில் நிற்பீர்கள். கம்ப்யூட்டர் அவருடையதாக இருக்கட்டும். நம்பர், ஈமெயில், பாஸ்வேர்டு உங்களுடையதாக இருக்கட்டும். விருப்பப் பட்டியலை முதலில் நோட்டில் எழுதி, அதைப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். எழும்போது லாக் அவுட் செய்து, டவுன்லோடு ஆன சான்றிதழ்களை அழித்துவிட்டு வரட்டும். சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது போனில் பணம் பறித்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

பெரம்பூர், அறிவியல் ஆசிரியர்: அசைன்மென்ட் எல்லாம் சாட்ஜிபிடில இருந்து அப்படியே வருது. நிறுத்திடலாமா?

அசைன்மென்டை மாற்றிவிடுங்கள். ஒரு நெடுவினாவை அதனிடமே கேட்டு விடையை பிரின்ட் எடுங்கள். வகுப்பு சிவப்புப் பேனாவோடு திருத்தட்டும்: புத்தகத்தில் இருக்கும் எந்தக் குறிப்பு விடுபட்டது, எது பாடத்திலேயே இல்லாதது, படம் வரையாததற்கு எவ்வளவு குறைப்பது. ஒவ்வொரு குறைப்புக்கும் பக்க எண் கேளுங்கள். பக்க எண் சொல்லப் புத்தகத்தைத் திறந்துதானே ஆக வேண்டும்.