பியூமாரிஸ் கோட்டையை ஏன் பாதியில் விட்டார்கள்?

“கச்சிதமான கோட்டை என்கிறார்கள், ஆனால் கட்டி முடிக்கவில்லையாமே, ஏன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், பணம் தீர்ந்துவிட்டது.

வேல்ஸில் 1294-இல் மடோக் என்பவர் தலைமையில் கலகம் வெடித்தது. அதை அடக்கிய இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், 1295-இல் ஆங்கிள்சி தீவின் கரையில் இந்தக் கோட்டையைத் தொடங்கினார். பொறுப்பேற்றவர் சவாய் நாட்டிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ்.

இடம் சதுப்பு நிலம். குன்று இல்லாததால் மலையின் வளைவு நெளிவுக்கு ஏற்ப மதிலை வளைக்கத் தேவையில்லை. அதனால்தான் இவ்வளவு சீரான வடிவம் கிடைத்தது. முதலில் அகழி, அப்புறம் தாழ்வான வெளிமதில், அதற்குள் உயரமான உள்மதில். உள்ளே நிற்கும் வில்லாளி வெளிமதிலுக்கு மேலாகவே அம்பு எய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தது வாசல் அமைப்பு: வெளிவாசலும் உள்வாசலும் நேர்க்கோட்டில் இல்லை. நுழைந்த எதிரி திரும்பித்தான் போகவேண்டும், அதற்குள் இரு மதில்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வான். தெற்கு வாசலருகே கப்பல் வந்து நிற்கத் துறையும் உண்டு.

சரி, பணத்துக்கு வருவோம். 1296-இல் ஜேம்ஸ் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 400 கொத்தனார்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்பவர்கள், வாரம் 250 பவுண்டு வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். மன்னரோ ஸ்காட்லாந்துப் போரில் இறங்கிவிட்டார். வேலை இழுத்து இழுத்து 1330 வாக்கில் நின்றேபோனது. உள்கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்தை எட்டவே இல்லை.