கரண்ட் (புற்றுக்கான கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கும்போது என்ன சாப்பிடக் கொடுப்பது? வாசகர் கேள்விகள்

அப்பச்சிக்கு நாக்கில் புற்று. 35 நாள் கரண்டில் 15 முடிந்திருக்கிறது. வாயெல்லாம் புண், 58 கிலோ இருந்தவர் 54 ஆகிவிட்டார். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. அவ்வப்போது குளுக்கோஸ் ஏற்றினால் போதுமா? (காரைக்குடி)

போதாது. 500 மில்லி பாட்டிலில் (5 சதவீதம்) இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூடத் தேறாது, புரதம் துளியும் கிடையாது. அவருக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரியாவது வேண்டும். புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம்.

20 கிராம் அரிசி போட்ட ஒரு டம்ளர் கஞ்சி தருவது 70 கலோரி. வயிறு நிறையும், உடம்பு கரையும். அதற்குப் பதில் கும்மாய மாவு (ஆடியில் செய்யும் செட்டிநாட்டு இனிப்புக்கான மாவு) 30 கிராமை 200 மில்லி பாலில் நன்றாக வேகவைத்து, வெல்லப்பாகு, 2 டீஸ்பூன் நெய் சேர்த்துக் கூழ் பதத்தில் கொடுங்கள். ஏறத்தாழ 400 கலோரி, 13 கிராம் புரதம். உளுந்தும் பாசிப்பருப்பும் இருப்பதால்தான் இந்தக் கணக்கு. ஆடி மாதம்வரை காத்திருக்க வேண்டாம்! சர்க்கரை நோய் இருந்தால் வெல்லத்தை விட்டுவிட்டு உப்புப் போட்டுக் காய்ச்சலாம். தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த பருப்புச் சாதம், மசித்த முட்டை எல்லாம் இறங்கும். மிளகு, மிளகாய், புளி மூன்றும் இப்போதைக்கு வேண்டாம்.

எதையும் ஆறவைத்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மருத்துவர் எழுதிய வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுத்தால் விழுங்குவது எளிது. 1 லிட்டர் வெந்நீரை ஆறவைத்து, உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு டீஸ்பூன் கலந்து அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும்.

இறங்கிய 4 கிலோ ஏறக்குறைய 7 சதவீதம். இதை நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். முகம் இளைத்தால், கரண்ட் வைக்கும்போது தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி தளர்ந்து, மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டிவரலாம். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள்.

மூக்கில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள். கடைசிக் கட்டமா? (தேவகோட்டை)

இல்லை. சிகிச்சையை நடுவில் நிறுத்தாமல் முடிக்கத்தான் குழாய். புண் ஆறி, வாய்வழிச் சாப்பாடு போதுமான பிறகு எடுத்துவிடுவார்கள். தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்து, வடிகட்டிய உணவை ஒரு வேளைக்கு 200 மில்லி அளவில் மெதுவாக விடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். முடிந்தவுடன் படுக்கவைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். அரைமணி நேரமாவது பொறுங்கள். டாக்டர் தடுக்காதவரை வாய்வழியே ஒரு மடக்காவது விழுங்கட்டும், இல்லையென்றால் விழுங்கும் தசை பழக்கம் விட்டுப்போகும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு ஏற்றுவது ஆபத்து: ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று சரியும்.

ஆத்தாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. கரண்ட் தொடங்கியதிலிருந்து வயிற்றுப்போக்கு. கவுனி அரிசி சத்தானதுதானே? (பள்ளத்தூர்)

சத்தானதுதான், ஆனால் நார் அதிகம், இப்போது நிறுத்துங்கள். வெள்ளரிசிச் சாதம், இட்லி, மோர், வாழைப்பழம் போதும். பால் குடித்ததும் போக்கு கூடுகிறதா என்று கவனியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ரத்தம் கலந்து போனாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவமனை.

வெல்லம், சர்க்கரை புற்றை வளர்க்குமாமே? பச்சை முட்டை கொடுக்கலாமா?

இனிப்பை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்காது, ஆள்தான் இளைப்பார். முட்டையை முழுக்க வேகவைத்தே கொடுங்கள்.